சிலேடையும் ஆள்மாறாட்டமும்: கிரேசி மோகனின் வசனக்கலை

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினையும் எண்ணத் தொடங்கியபோது நகையை முதலில் வைத்து, அந்த நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்று வகுத்துச் சொன்னார். இவற்றுள் பேதைமையும் மடனும் மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு ஒன்றுபோலத் தோன்றினும், உரையாசிரியர்கள் அவற்றை வேறுபடுத்தியே காட்டுவர். பேதைமை அறிவின்மை, மடன் என்பதோ பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருக்கும் குணம். ஒன்றும் அறியாதவனைக் கண்டு சிரிக்கும் சிரிப்பு ஒரு கணத்தில் தீர்ந்துபோகும். ஒன்றைத் தவறாக அறிந்துகொண்டு, அந்தத் தவற்றின்மேல் மிகுந்த தர்க்க ஒழுங்குடன் மாடிமேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போகிறவனைக் கண்டு எழும் சிரிப்போ நாடகம் முடியும்வரை நீடிக்கக் கூடியது. அந்த இரண்டாவது வகைச் சிரிப்பைத் தமிழ் மேடைக்கும் திரைக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இடையறாது எழுதி வந்தவர் கிரேசி மோகன் என்று உலகம் அறிந்த மோகன் ரங்காச்சாரி.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய சொல்விளையாட்டைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அவரைக் குறைகூறுகிறவர்களும் அதே சொல்விளையாட்டைக் காட்டியே குறை கூறுகிறார்கள். இரு சாராரும் அவருடைய வசனத்தைக் கதையினின்று பிய்த்தெடுத்து, உதிரிப் பூக்களாகக் கையில் வைத்துக்கொண்டு அபிப்பிராயம் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. அவருடைய சிலேடைக்கும் அவர் எழுதிய கதைகளில் ஓயாமல் நிகழும் ஆள்மாறாட்டத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்து பார்த்தால், இவை இரண்டும் ஒரே கற்பனையின் இரு தோற்றங்கள் என்பது புலனாகும். ஓர் ஒலி, இரண்டு பொருள், அது சிலேடை. ஒரு முகம், இரண்டு ஆள், அது ஆள்மாறாட்டம். இந்த ஒற்றுமையை விளக்கிக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மோகன் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் தம்மை முதன்முதலாக மேடையில் ஏற்றிவைத்த ஜானகி என்னும் ஆசிரியையின் பெயரை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அந்த நன்றியின் அடையாளத்தைப் பின்னர் அவருடைய கதாநாயகிகளின் பெயர்ப்பட்டியலில் காணப்போகிறோம். சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்றுகொண்டிருந்த காலத்தில், 1972ஆம் ஆண்டு, கல்லூரிகளுக்கிடையிலான ஒரு போட்டிக்காக ‘கிரேட் பேங்க் ராபரி’ என்னும் குறுநாடகத்தை எழுதினார். சிறந்த எழுத்தாளர், சிறந்த நடிகர் என்ற இரு பரிசுகளும் அவருக்கே கிடைத்தன. அவற்றை வழங்கத் தலைமை விருந்தினராக வந்திருந்தவர் அப்பொழுது இளைஞராக இருந்த கமல்ஹாசன். பிற்காலத்தில் தமிழ்ச் சினிமாவின் ஹாஸ்யத்தை மாற்றியமைத்த இருவர் முதன்முதலாக எதிரெதிரே நின்றது ஒரு கல்லூரி மேடையில், ஒரு பரிசளிப்பின்போதுதான்.

படிப்பு முடிந்ததும் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினார். பகலில் உத்தியோகம், மாலையில் ஒத்திகை, வார இறுதியில் சபாவில் அரங்கேற்றம் என்பது அக்காலத்துச் சென்னை நாடகக்காரர்கள் பலருக்கும் பொதுவான ஜீவிதம். ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுனைடெட் அமெச்சூர் ஆர்டிஸ்ட்ஸ், கே. பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், காத்தாடி ராமமூர்த்தியின் ஸ்டேஜ் கிரியேஷன்ஸ் என்று குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் திருவல்லிக்கேணியிலும் சபா அங்கத்தினர்களாகிய ஒரு நடுத்தர வர்க்கத்து ரசிகர் கூட்டத்தைப் பழக்கிவைத்திருந்தன. அந்தப் பரம்பரையில் வந்த எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா குழுவுக்காக 1976இல் மோகன் எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ பெருவெற்றி பெற்றது. நாடகத்தின் முதற்சொல் ஆசிரியர் பெயரின் முதற்சொல்லாக ஒட்டிக்கொண்டு, கடைசிவரை நிலைத்துவிட்டது. 1979இல் தம்பி பாலாஜியுடன் சேர்ந்து கிரேசி கிரியேஷன்ஸ் என்னும் சொந்தக் குழுவை நிறுவினார். பாலாஜி ஏற்ற ‘மாது’ என்னும் பாத்திரம் நாடகந்தோறும் திரும்பத் திரும்ப வந்தது. அதனால் தம்பிக்கும் ‘மாது’ என்பது பெயரின் முன்னொட்டாயிற்று. நாடகத்தில் வந்த ஒரு சொல் மனிதனின் பெயரோடு கலந்துபோவது இந்தக் குடும்பத்தில் இருமுறை நிகழ்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

சபா மேடை மோகனுக்கு என்ன கற்பித்தது என்று இங்கே சற்று நின்று ஆராய வேண்டும். அந்த மேடையில் பிரம்மாண்டமான காட்சி ஜோடனைகளுக்கு இடமில்லை. நடுத்தரக் குடும்பத்தின் கூடம் ஒன்று, அதில் ஒரு சோபா, ஒரு தொலைபேசி, வாசலுக்கு ஒரு கதவு, சமையலறைக்கு ஒரு கதவு. பெரும்பாலான நாடகங்கள் இதற்குள்ளேயே நடந்து முடிந்தாக வேண்டும். நடிப்பவர்களும் முழுநேர நடிகர்கள் அல்லர். ஆகவே வித்தை முழுவதும் இரண்டே விஷயங்களில் அடங்கிவிடுகிறது: எந்தக் கதவின் வழியே யார் எந்த வேளையில் வருகிறார் என்பது ஒன்று, வந்தவர் சொல்லும் சொல்லை இருப்பவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது மற்றொன்று. முன்னது ஆள்மாறாட்டத்துக்கும் பின்னது சிலேடைக்கும் நேரே இட்டுச்செல்லும் பாதைகள். இவற்றோடு மூன்றாவதாக ஒரு பாடத்தையும் அந்த மேடை புகட்டியது. சிரிப்பொலி அடங்குமுன் அடுத்த வசனத்தைச் சொன்னால் அது காதில் விழாது. அடங்கியபின் வெகுநேரம் கழித்துச் சொன்னால் வேகம் கெட்டுவிடும். ரசிகர்களின் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை ஒவ்வொரு அரங்கேற்றத்திலும் நேரிற் கேட்டு, அதற்கேற்ப வசனத்தை நீட்டியும் குறுக்கியும் பழகிய காதுதான் பின்னர் சினிமாவுக்கு எழுதியது. இயந்திரப் பொறியியல் படித்தவர் என்பதற்கும் இதற்கும் தொடர்பு தேடுவது மிகையாக இருக்கலாம். ஆயினும் ஒரு பல்சக்கரம் மற்றொன்றைத் தள்ள, அது மூன்றாவதைத் தள்ளும் கட்டுக்கோப்பு அவருடைய நல்ல நாடகங்களில் இருப்பதை யாரும் மறுக்க முடியாது.

அக்காலத்து விமரிசகர்கள் சபா ஹாஸ்ய நாடகங்களைத் ‘துணுக்குத் தோரணம்’ என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிட்டார்கள். பத்திரிகைத் துணுக்குகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டதுபோல் கதையின்றி நகைச்சுவை மட்டும் வரிசையாக வருகிறது என்பது அந்தக் குற்றச்சாட்டின் சாரம். பல நாடகங்களுக்கு அது பொருந்தும். மோகனுடைய நாடகங்கள் சிலவற்றுக்கும் பொருந்தும் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தோரணத்தில் ஓர் இலையைக் கழற்றிவிட்டால் தோரணம் குறைவதில்லை. மோகனுடைய சிறந்த காட்சிகளிலோ ஒரு வசனத்தை உருவிவிட்டால் அடுத்த நான்கு வசனங்கள் அர்த்தமற்றுப் போகின்றன. ஏனெனில் முன்னவர் தவறாகக் கேட்ட சொல்லின்மேல்தான் பின்னவர் தம் பதிலைக் கட்டுகிறார்.

சிலேடையைப் பற்றித் தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இரு வகை சொல்லும். சொல் பிரியாமல் நின்றபடியே இரு பொருள் தருவது முன்னது. வேறுவேறாகப் பிரித்துப் பார்க்கும்போது வேறுவேறு பொருள் தருவது பின்னது. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் பொருள் பொருத்திக் காட்டிய காளமேகப் புலவரின் நாட்டில், இந்த அலங்காரத்தைக் கீழான வித்தை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மோகன் இவ்விரு வகைகளையும் கையாண்டதோடு, சென்னை நடுத்தர வர்க்கத்தின் பேச்சில் தமிழும் ஆங்கிலமும் பிரிக்கவொண்ணாமல் கலந்து கிடந்ததைப் பயன்படுத்தி, மூன்றாவதாக ஓர் இருமொழிச் சிலேடையையும் வளர்த்தார். நாடகத் தலைப்புகளே இதற்குச் சாட்சி. விவிலியத்தின் பத்துக் கட்டளைகளைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரில் முதற்சொல்லைச் சற்றே நீட்டிக் குடித்தனக்காரனை உள்ளே கொண்டுவந்தார். ‘டெனன்ட் கமாண்ட்மென்ட்ஸ்’ பிறந்தது. திருமணங்கள் சுவர்க்கத்தில் நிச்சயிக்கப்படுகின்றன என்ற வழக்கை முடிதிருத்தும் கடைக்கு இறக்கினார். ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ வந்தது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்னும் பழமொழியில் ஓர் எழுத்தை மாற்றி ‘மாது மிரண்டால்’ என்றார். அந்த மாது பெண்ணா, பாலாஜி ஏற்கும் பாத்திரமா என்ற இரட்டைப் பொருளும் இலவசமாக வந்து சேர்ந்தது. தலைப்பு என்பது பார்வையாளனுக்கு ஆசிரியர் தரும் முதல் ஒப்பந்தம். இங்கே ஒரு சொல்லும் தன் முகத்தோடு மட்டும் நிற்காது என்பதே அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனை.

‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தைக் கே. பாலசந்தர் 1983இல் ‘பொய்க்கால் குதிரை’ என்ற பெயரில் படமாக்கினார். கவிஞர் வாலி நடிகராகத் தோன்றிய அந்தப் படம் மோகனுக்குத் திரையுலகின் கதவைத் திறந்தது. ஆனால் அவருடைய திரைவாழ்க்கை உண்மையில் தொடங்குவது 1989இல் வெளிவந்த ‘அபூர்வ சகோதரர்க’ளில்தான்.

அதற்கு முன் தமிழ்ப் படங்களில் ஹாஸ்யம் இருந்த நிலையைச் சுருக்கமாகவேனும் சொல்லாவிட்டால் இந்த மாறுதலின் மதிப்பு விளங்காது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ 1941இல் படமானபோது, ஹாஸ்யமே கதையாக இருக்கும் முழுநீளப் படம் தமிழில் சாத்தியம் என்பது நிரூபணமாயிற்று. எனினும், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தமக்குரிய பகுதியைத் தாமே அமைத்துக்கொண்டு கதைக்குப் பக்கத்தில் ஒரு தனிக் கதையாக ஓடவிட்ட முறையே பெருவழக்காயிற்று. ஸ்ரீதரின் நண்பரான சித்ராலயா கோபு 1959இல் ‘கல்யாணப் பரி’சில் அந்தத் தனிப் பகுதியை உச்சத்துக்குக் கொண்டுபோய், 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’யில் தனிப் பகுதி என்ற சுவரையே உடைத்தார். உடைந்த சுவர் மீண்டும் எழும்பியது. 1989ஆம் ஆண்டிலேயே பெருவெற்றி பெற்ற ‘கரகாட்டக்கார’னில் கவுண்டமணியும் செந்திலும் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு நடத்தும் அமரத்துவம் வாய்ந்த விவாதத்தைத் தனியே வெட்டியெடுத்துப் பார்த்தாலும் அது முழுமையாகவே இருக்கிறது, கதையினின்று எதையும் அது கடன் வாங்கவில்லை. அதே ஆண்டில் வந்த ‘அபூர்வ சகோதரர்க’ளின் போலீஸ் இன்ஸ்பெக்டரை அப்படி வெட்டியெடுக்க இயலாது.

தந்தையைக் கொன்றவர்களைக் குள்ளனான அப்பு ஒவ்வொருவராகப் பழிதீர்க்கிறான். சந்தேகமோ அவனுடைய உருவ ஒற்றுமையுடைய சகோதரன் ராஜாவின்மேல் விழுகிறது. கதையின் கரு சோகமும் பயங்கரமும் கலந்தது. அந்தக் கருவுக்குள் ஜனகராஜ் நடித்த இன்ஸ்பெக்டரும் ஆர்.எஸ். சிவாஜி நடித்த கான்ஸ்டபிளும் புகுகிறார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு தடயத்தைக் காண்கிறார். அதிலிருந்து ஓர் அனுமானத்துக்குத் தாவுகிறார். கான்ஸ்டபிள் ஆச்சரியத்தில் திளைத்து அவரைப் புகழ்கிறார். புகழ்ச்சியின் உற்சாகத்தில் இன்ஸ்பெக்டர் அடுத்த அனுமானத்துக்குத் தாவுகிறார். தொல்காப்பியத்தின் மடன் இதைவிடத் தெளிவாகத் திரையில் காட்டப்பட்டதில்லை என்பேன். அவர் முட்டாள் அல்லர். கையிற்பிடித்த முதல் நூல் தவறானது, அவ்வளவே. கதை நகர்வதே அந்தத் தவற்றினால்தான். இவருடைய தவறான தர்க்கம் இல்லாவிட்டால் ராஜா துரத்தப்பட மாட்டான். ராஜா துரத்தப்படாவிட்டால் இரு சகோதரர்களின் முகஒற்றுமை கதையில் ஒரு வேலையும் செய்யாது. ஹாஸ்யப் பாத்திரம் கதையின் விருந்தாளியாக இல்லாமல் கதையின் அச்சாணியாகிவிட்டது.

இங்கே ஓர் ஆராய்ச்சிச் சிக்கல் எழுகிறது. கமல்ஹாசன் திரைக்கதை அமைக்க, சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்க, மோகன் வசனம் எழுதிய ஒரு படத்தில் எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? மோகன் தனித்து எழுதிய மேடை நாடகங்களை ஒரு பக்கமும், பலரோடு சேர்ந்து ஆக்கிய படங்களை மறுபக்கமும் வைத்து ஒப்பிடுவதே நேர்மையான வழி. இரண்டிலும் பொதுவாக நிற்கும் குணங்கள் அவருடையவை என்று கொள்ளலாம். அப்படிப் பொதுவாக நிற்பவை: ஒரு பொய்யைக் காக்க மற்றொரு பொய் சொல்லப்பட்டு, பொய்களின் சங்கிலியே கதையாவது, ஒருவர் மற்றவரின் சொல்லைத் தவறாகக் கேட்டு, அந்தத் தவற்றின்படியே காரியத்தில் இறங்குவது, துணைப் பாத்திரங்களுக்கும் சிரிக்கவைக்கும் வாக்கியத்தைத் தாராளமாகப் பகிர்ந்தளிப்பது. கடைசியாகச் சொன்னது குழு நாடகத்தில் பழகியவரின் தர்மம். தில்லி கணேஷும் நாகேஷும் மனோரமாவும் எஸ்.என். லட்சுமியும் அந்தப் படங்களில் கதாநாயகனுக்குச் சமமாகப் பிரகாசித்ததற்கு, நடிகர்களின் மேதைமையோடு இந்தத் தாராளமும் காரணம்.

1990இல் வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ இந்தக் கலையின் சிகரம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். பிறந்தவுடன் பிரிந்த நான்கு சகோதரர்கள். கள்ளநோட்டுக் கும்பலில் மைக்கேல், செல்வந்தனாக மதன், பாலக்காட்டுச் சமையற்காரனாகக் காமேஸ்வரன், தீயணைப்புப் படையில் ராஜு. நால்வருக்கும் ஒரே முகம். முகம் ஒன்றாக இருக்கையில் ஆளை வேறுபடுத்திக் காட்டுவது எது? ஆடையும் மீசையும் ஓரளவு உதவும்; ஆனால் உண்மையில் வேறுபடுத்துவது பேச்சு. மதனின் தமிழ் அந்நிய நாட்டில் வளர்ந்தவனின் தமிழ். காமேஸ்வரனின் தமிழ் மலையாளக் காற்று பட்ட பாலக்காட்டு அக்கிரகாரத் தமிழ். ஒவ்வொருவர் நாக்கிலும் ஒவ்வொரு தேசம் இருக்கிறது. ஆகவே அந்த முகத்தைக் கண்ணால் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். காதால் கேட்பவர்களோ குழம்புகிறார்கள். பிள்ளைகளை அடையாளம் காண வேண்டிய உறவினர்களுக்கும், ஆளைப் பிடிக்க வேண்டிய அடியாட்களுக்கும் நேர்கிற தவிப்பு, இரட்டைப் பொருள் சொல் ஒன்றைக் கேட்டவன் எந்தப் பொருளைக் கொள்வது என்று திகைக்கும் அதே தவிப்பின் பெரிதாக்கிய வடிவம்.

அந்தப் படத்தில் கல்யாணச் சமையலின்போது சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடும் காட்சியைத் தமிழர் பலர் மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்சியின் கட்டுமானத்தைப் பாருங்கள். சைவ உணவு உண்ணும் வீட்டுக் கல்யாணம். சமையற்காரர்களின் ஜீவனமும் ஆசாரமும் ஒருங்கே ஆபத்தில் இருக்கின்றன. மீன் என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னால் சர்வநாசம், சொல்லாவிட்டால் பாவம். இப்படிச் சொல்லத் தகாத ஒரு சொல்லை நடுவில் வைத்துவிட்டு, ஆங்கிலம் கலந்து பேசுகிறவர்கள் வாயில் ‘அதாவது’ என்ற பொருளில் சாதாரணமாக வந்துவிழும் சொல்லும் அதே ஒலியுடையது என்பதை ஆசிரியர் நினைவூட்டுகிறார். வேறொரு சந்தர்ப்பத்தில் அந்தச் சிலேடை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வேடிக்கை. இந்தச் சந்தர்ப்பத்தில் அது வெடிமருந்து. ஒவ்வொரு முறை அந்த ஒலி எழும்போதும் பாத்திரங்கள் உண்மையாகவே நடுங்குகிறார்கள். சிலேடை மட்டமான வித்தையா, மேலான வித்தையா என்னும் கேள்விக்கு அந்தக் காட்சியே விடை: அதைச் சொல்கிறவனுக்கு ஏதேனும் இழப்பு நேரக்கூடும் என்றால் அது நாடகம், நேராது என்றால் துணுக்கு.

1996இல் கே.எஸ். ரவிகுமார் இயக்கிய ‘அவ்வை சண்முகி’ அமெரிக்கப் படம் ஒன்றின் தாக்கத்தில் உருவானது என்பது வெளிப்படை. எனினும், பெயரிலிருந்தே அது தமிழ் நாடக மரபோடு தன்னைப் பிணைத்துக்கொண்டது. ஔவையார் வேடத்தால் புகழ்பெற்று அவ்வை சண்முகம் என்றே வழங்கப்பட்ட டி.கே. சண்முகத்தின் குழுவில்தான் கமல்ஹாசன் இளமையில் பயின்றார். மனைவி ஜானகியைப் பிரிந்த பாண்டியன், தன் குழந்தையின் அருகில் இருப்பதற்காகவே மாமி வேடமிட்டு, மாமனார் விஸ்வநாத ஐயரின் வீட்டில் வேலைக்குச் சேர்கிறான். ஜெமினி கணேசன் நடித்த அந்த மாமனாரே மாமியின்மேல் மனம் வைக்க, மணிவண்ணன் நடித்த முதலியாரும் போட்டிக்கு வருகிறார். இனி பாண்டியன் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு பேர் உரிமையாளர்கள்: மாமியாக அதற்கு ஒரு பொருள், மருமகனாக வேறொரு பொருள். ஆள் இரட்டையாகிவிட்ட பிறகு சொல் தானாகவே இரட்டையாகிவிடுகிறது. சிலேடையை ஆசிரியர் தேடிப் போக வேண்டியதில்லை.

அதே வீட்டில் நாசர் ஏற்ற பாஷா என்னும் முஸ்லிம், பிராமணச் சமையற்காரராக வேடமிட்டு, ஊமைபோல் நடிக்கும் உபகதையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அவர் ஏன் ஊமையாக நடிக்க வேண்டும்? பூணூலும் பஞ்சகச்சமும் கண்ணை ஏமாற்றிவிடும். வாய் திறந்தால் மொழி காட்டிக்கொடுத்துவிடும். மனிதனின் அடையாளம் அவன் பேச்சில் இருக்கிறது என்ற உண்மையை மோகனும் அவருடைய சகாக்களும் இதைவிடக் கூர்மையாக எங்கும் சொல்லவில்லை. அதோடு, பிறப்பினால் வரும் பேதங்கள் ஒரு வேடத்தில் ஏறி ஒரு வேடத்தில் இறங்கக்கூடியவை என்ற பெரிய விஷயமும் அந்தச் சிரிப்பின் அடியில், பிரசங்கத் தொனி சிறிதும் இன்றி, நிற்கிறது.

மற்றப் படங்களை இவ்வளவு விரிவாகப் பேச வேண்டியதில்லை. 1994இன் ‘மகளிர் மட்டும்’ அலுவலகத்தில் பெண்கள் படும் துன்பத்தை ஹாஸ்யத்தின் வாயிலாகச் சொன்னது. பிணமாக நடித்த நாகேஷ் ஒரு வசனமும் பேசாமல் அரங்கைக் கலகலக்க வைத்தார். 1995இல் பாலு மகேந்திரா இயக்கிய ‘சதி லீலாவதி’யில் கொங்குத் தமிழ் கமல்ஹாசன், கோவை சரளா இருவர் வாயிலும் இன்பமாக ஒலித்தது. ரஜினிகாந்துக்கு ‘அருணாசலம்’, ஈழத்தமிழ் பேசும் நாயகனோடு ‘தெனாலி’, வைத்தியராக வேடமிடும் ரௌடியின் கதையான ‘வசூல்ராஜா எம்பிபிஎஸ்’ என்று வரிசை நீள்கிறது. 2002இல் வந்த ‘பஞ்சதந்திர’த்தில் மலையாளி, தெலுங்கர், கன்னடர் என்றெல்லாம் வகைப்படும் நண்பர்களின் நாவேற்றுமையே வாத்தியக் கச்சேரியாக ஒலித்தது. அதே ஆண்டின் ‘பம்மல் கே. சம்பந்தம்’ தன் தலைப்பினாலேயே தமிழ் நாடகத்தின் மூத்தவருக்கு ஒரு வணக்கம் செலுத்தியது. திரையில் ஏறத்தாழ நாற்பது படங்களும் மேடையில் முப்பதளவான நாடகங்களும் அவருடைய ஆக்கங்களாகக் கணக்கிடப்படுகின்றன.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வசனம் வசனத்தை விரட்டிக்கொண்டு வரும் வேகத்தில் பாத்திரங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை. துக்கம் வரவேண்டிய இடத்திலும் ஒரு சிலேடை குறுக்கே வந்து நின்றுவிடுவதுண்டு. ‘காதலா காதலா’வின் பிற்பகுதியில் பொய்களின் சங்கிலி நீண்டு நீண்டு, எந்தப் பொய் எதற்காகச் சொல்லப்பட்டது என்பதே மறந்துபோகிறது. ‘பஞ்சதந்திர’த்தின் மனைவியர் சந்தேகப்படுவதற்கும் கோபப்படுவதற்கும் மட்டுமே படைக்கப்பட்டவர்களாகத் தோன்றுகிறார்கள், ‘மகளிர் மட்டு’மில் மூன்று பெண்களின் மனத்தையும் அறிந்து எழுதிய பேனாவுக்கு இது இழுக்கு. ஆங்கிலமும் தமிழும் கலந்த சிலேடைகள் எதிர்காலத்துத் தமிழனுக்கு அடிக்குறிப்பின்றி விளங்குமா என்ற கவலையும் எனக்கு உண்டு. ஆனால் ஒன்றைத் துணிந்து சொல்லலாம்: எள்ளலை அவர் மிகக் குறைவாகவே நாடினார். உருவத்தையும் நிறத்தையும் ஏழ்மையையும் காட்டி மக்களைச் சிரிக்கவைப்பது எளிய வருவாயாக இருந்த காலத்தில், மனிதர் தம் நம்பிக்கையில் ஏமாறும் தருணத்தையே அவர் பெரும்பாலும் தமக்குப் பொருளாகக் கொண்டார்.

ஜானகி என்ற பெயருக்கு இப்போது வருவோம். ‘மகளிர் மட்டும்’, ‘அவ்வை சண்முகி’, ‘தெனாலி’, ‘பம்மல் கே. சம்பந்தம்’, ‘வசூல்ராஜா’ என்று படத்துக்குப் படம் ஊர்வசி, மீனா, ஜோதிகா, சிம்ரன், சினேகா ஆகியோர் ஜானகியாகவே வந்தார்கள். மேடை நாடகங்களிலும் நாயகி ஜானகிதான். ஒரு முகத்துக்குப் பல ஆட்களைத் தந்த கற்பனை, இங்கே பல முகங்களுக்கு ஒரே பெயரைத் தந்திருக்கிறது. சிறுவனைக் கைப்பிடித்து மேடையேற்றிய ஆசிரியைக்குத் தமிழில் இவ்வளவு நீண்ட குருதட்சிணை வேறு யாரும் செலுத்தியிருப்பதாக நான் அறியேன்.

புகழின் நடுவிலும் அவர் நாடகத்தைக் கைவிடவில்லை. ‘சாக்லேட் கிருஷ்ணா’ போன்ற பிற்கால நாடகங்கள் நூற்றுக்கணக்கான முறை மேடையேறின. ரமண மகரிஷியிடம் ஆழ்ந்த பக்தி கொண்டிருந்த அவர், நாள்தோறும் வெண்பா எழுதுவதை ஒரு நியமமாகவே வைத்திருந்தார், ஓவியமும் தீட்டினார். தளை தட்டாமல் வெண்பா கட்டுகிற பயிற்சிக்கும், ஓர் அசை கூடாமலும் குறையாமலும் சிரிப்பு வெடிக்கும் வாக்கியத்தை அமைப்பதற்கும் உள்ள உறவு நம் யாப்பாசிரியர்கள் ஆராயத் தக்கது. 2019ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் சென்னையில் மாரடைப்பினால் காலமானபோது அவருக்கு வயது 66.

அவருடைய வசனங்கள் ஒத்திகையில் எவ்வாறு உருமாறின, எந்த வாக்கியம் நடிகர் வாயில் பிறந்தது, எது காகிதத்திலேயே முழுவடிவம் பெற்றிருந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவருடன் மேடையிலும் படப்பிடிப்பிலும் நின்றவர்களே. அவர்களில் நாகேஷ், மனோரமா முன்பே மறைந்தார்கள், 2023இல் ஆர்.எஸ். சிவாஜியும் 2024இல் தில்லி கணேஷும் மறைந்துவிட்டார்கள். எஞ்சியிருக்கும் சகாக்களிடம் நம்முடைய பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் நாடகத்துறைகளும் இன்றே சென்று, அவர்களுடைய ஞாபகங்களைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மேடைப் பிரதிகளையும் படப் பிரதிகளையும் பாடவேறுபாடுகளோடு ஒப்பிட்டு, இருமொழிச் சிலேடைகளுக்குக் குறிப்புரை எழுதி, காளமேகத்தின் தனிப்பாடல்களைப் பதிப்பித்த அதே சிரத்தையுடன் பதிப்பிக்க வேண்டும்.